தாஹிருக்குச் சதை போட்டிருக்கிறது

பினாங்கு,
5 மார்ச் 1937

அன்புத் தங்கை ஷரீஃபாவுக்கு லாத்தா ஹாஜராவின் ஸலாம்.

உன் வீட்டிலிருந்து திரும்பிப் படகேறியதிலிருந்து மனம் சரியில்லை. சின்னவள் பிறந்ததும் தாஹிருக்குப் பால் மறக்கடித்தாய், சரி. அதற்காக மூன்று வேளையும் சீனி போட்ட சவ்வரிசிக் கஞ்சிதானா? மீனும் முட்டையும் தின்றால் வயிற்றில் பூச்சி வைக்கும் என்று ரசாக் மாப்பிள்ளை சொல்வதை நம்பாதே. இங்கே டாக்டரம்மாவிடம் கேட்டேன். "கஞ்சி தெம்பு தரும், சதை வளர அது போதாது. முட்டை, மீன், பருப்பு வேணும். பூச்சி மண்ணு அழுக்கிலேருந்து வருது" என்றார்.

பிள்ளையைக் கொஞ்ச நாள் என்னிடம் அனுப்பேன். தேற்றி அனுப்புகிறேன்.

உன் லாத்தா,
ஹாஜரா

கெப்பாலா பத்தாஸ்,
14 மார்ச்

லாத்தாவுக்கு ஸலாம்.

உங்கள் கடிதத்தை என் வீட்டுக்காரர் அவர்களிடம் படித்துக் காட்டினேன். "எங்க அண்ணன் மகன் பூச்சியாலதான் போனான். அப்ப எந்த டாக்டரம்மா வந்தாங்க?" என்றார்கள்.

நீங்கள் பயப்பட ஒன்றுமில்லை. தாஹிருக்கு நன்றாகச் சதை போட்டிருக்கிறது. கன்னம் உப்பி, கால்கூடக் கொழுத்துவிட்டது. முன்போல் ஓடி அடம்பிடிப்பதில்லை; வைத்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறான்.

ஒன்று சொல்கிறேன். உங்களுக்குப் பிள்ளை இல்லை என்பதற்காக என் பிள்ளையைக் கேட்காதீர்கள்.

ஷரீஃபா

பினாங்கு,
17 மார்ச்

ஷரீஃபா,

நீ சொன்னதற்காகப் பிறகு அழுதுகொள்கிறேன். அவன் காலை விரலால் அழுத்திப் பார். குழி விழுந்தால் அது சதை இல்லை, நீர். உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடு. என்னிடம் அனுப்பவே வேண்டாம், நான் பார்க்கவும் வரவில்லை. நீ ஓடினால் போதும்.

ஹாஜரா

கெப்பாலா பத்தாஸ்,
2 ஏப்ரல்

லாத்தா,

அழுத்தினேன். குழி விழுந்தது, மூடவே இல்லை. அவர்களைக் கேட்காமல் பஸ் ஏறினேன்.

ஆஸ்பத்திரியில் கரண்டி கரண்டியாகப் பால் ஊட்டினார்கள். வீக்கம் வடிந்தது. வடிந்த பிறகுதான் என் பிள்ளையைப் பார்த்தேன், எலும்பும் தோலுமாக. "பால் மறந்த நாள்லேருந்து இவன் பட்டினிதாம்மா" என்றாள் நர்ஸ். வயிறு நிறையக் கொடுத்தேனே லாத்தா.

போன வெள்ளிக்கிழமை அவனை அடக்கம் செய்தோம். உங்களுக்குச் சொல்லி அனுப்பக்கூட எனக்கு முகமில்லை. மன்னியுங்கள் என்று கேட்கவில்லை. வாருங்கள்.

நேற்று அவர்கள் பாசாருக்குப் போய் மீன் வாங்கிவந்தார்கள். அடுப்படியில் வைத்துவிட்டு அப்படியே நின்றார்கள். யாருக்கு என்று நானும் கேட்கவில்லை.

ஷரீஃபா