விடுவிக்கப்படாத பக்கங்கள்

மார்ச் 4, புதன்

கணினி நினைவகப் பிரிவின் பொறுப்பாளர் மாத இறுதியில் ஓய்வு பெறுகிறார். அந்த இடத்துக்கு இருவர் பெயர் அடிபடுகிறது. ஒன்று என்னுடையது. மற்றது என் சகலையுடையது.

என் மனைவியின் தங்கையைக் கட்டியவர்; என்னைவிட இளையவர். நான் பதினெட்டு ஆண்டுகளாக இந்த இயங்குதளத்தின் உட்கருவான கெர்னலை எழுதிவருகிறேன். அவர் வந்து சேர்ந்தது நேற்றைக்கு முன்தினம் என்றே சொல்லலாம். மேசைமேல் காலைப் போட்டுக்கொண்டு நிரல் எழுதுகிறார். குறிப்புரையில் நகைச்சுவை வேறு. அதற்கும் சிரிக்கிறார்கள்.

மார்ச் 9, திங்கள்

என் திருத்தம் முடிந்தது. சேமிப்பு அட்டையின் நினைவகத்தை ஒரு நிரல் நேரடியாகப் படித்துக்கொண்டிருக்கும்போது யாரேனும் அட்டையைக் கழற்றினால், படிக்கப்படும் பக்கம், அதாவது அந்த நினைவகத் துண்டு, அந்தரத்தில் நிற்கும். ஆகவே முதலில் அட்டை என்ற சாதனத்தைக் கழலாதபடி பிடிக்க வேண்டும்; பிறகு பக்கங்களை ஒவ்வொன்றாகப் பிடித்து, அவற்றின் இடம் குறிக்கும் அட்டவணை இதற்குள் மாறிவிட்டதா என்று மறுபடி பார்க்க வேண்டும்; மாறியிருந்தால் பிடித்ததை விட்டுவிட வேண்டும். எல்லாப் பக்கங்களும் விடுபடும்வரை சாதனம் கழலாமல் காத்திருக்கும்.

சரிபார்ப்பவர் கையொப்பமின்றி எந்தத் திருத்தமும் உள்ளே போகாது. யாரென்று பார்த்தேன். சகலை.

மார்ச் 13, வெள்ளி

பதில் இல்லை. வேண்டுமென்றே இழுக்கிறார்.

உணவறையில் பொறுப்பாளரோடு ஒரே மேசையில் அப்படி என்ன சிரிப்பு? நான் போய் அமர்ந்ததும் நின்றுவிட்டது.

மார்ச் 15, ஞாயிறு

மைத்துனி வீட்டில் சாப்பாடு. மாமியார் உள்ளிருந்து "மாப்ளே" என்று கூப்பிட்டார். இருவரும் எழுந்தோம். அவரைத்தான் கூப்பிட்டிருக்கிறார்.

திரும்பும் வழியில் கொட்டித் தீர்த்தேன். மனைவி காரை ஓட்டியபடியே கேட்டுக்கொண்டு வந்தாள். "ஆபீஸ்லயும் அவரையே பாக்கறீங்க, இங்கயும் அவரையே பாக்கறீங்க. என் தங்கச்சிகூட அவரை இவ்வளவு பாத்திருக்க மாட்டா."

நான் சிரிக்கவில்லை.

மார்ச் 17, செவ்வாய்

சகலை மாடிப்படிக்கு வரச் சொன்னார். அங்கே யாருமில்லை.

"அண்ணா, ஓடிக்கிட்டிருக்கும்போதே அட்டையை உருவிப் பாத்தேன். மெஷின் அப்படியே நின்னுடுச்சு. பாதியில தோத்தா நீங்க கடைசிப் பக்கத்தை மட்டும்தான் விடறீங்க. முன்னாடி பிடிச்சதெல்லாம் பிடிச்சபடியே கிடக்கு."

மனத்துக்குள் வரிவரியாக ஓட்டிப் பார்த்தேன். சரிதான். இனி யாரும் விடப்போவதில்லை; சாதனம் காத்துக்கொண்டே இருக்கும்.

இத்தகைய குறைகளை எல்லோரும் பார்க்கும் பொது மடலில் எழுதுவதே வழக்கம். அவர் எழுதவில்லை. எழுதுவதா வேண்டாமா என்றுதான் இத்தனை நாள் தவித்தாராம்.

"நீங்களே கண்டுபிடிச்ச மாதிரி மாத்தி அனுப்பிடுங்க. நான் கையெழுத்துப் போட்டுடறேன்."

எனக்கு இரக்கம் காட்டுகிறாரா? இந்தப் பிழை அவருடையதாக இருந்திருந்தால் நான் பொது மடலில் எழுதியிருப்பேன் — வரி எண்ணோடு. அதை நினைக்க நினைக்க வயிறு எரிகிறது. நல்லவனாவும் இவன்தான் இருக்கணுமா? அதையாவது எனக்கு விட்டு வச்சிருக்கக் கூடாதா?

மார்ச் 18, புதன்

திருத்திவிட்டேன். தோற்ற இடத்திலிருந்து பின்னோக்கி, தொடங்கிய பக்கம்வரை எல்லாவற்றையும் விடுவிக்கிறது. அட்டையை நானே உருவிப் பார்த்தேன். சத்தமில்லாமல் கழன்றது.

அனுப்பவில்லை. குறையைக் கண்டறிந்தவர் பெயரைத் திருத்தத்தின் அடியில் குறிக்க வேண்டும் என்பது விதி. அந்த விதியை இந்த அலுவலகத்தில் கொண்டுவந்தவனே நான். அந்த வரி இல்லையென்றால், எழுதியவரே கண்டறிந்ததாகப் பொருள். பொறுப்பாளர் பதவி எனக்கே வரக்கூடும். யாருக்குத் தெரியும்? அவருக்குத் தெரியும். அவரோ வாய் திறக்க மாட்டார். அதுதான் தாங்கவில்லை.

மார்ச் 19, வியாழன்

அவர் பெயரை எழுதி அனுப்பிவிட்டேன். பெருந்தன்மை எல்லாம் இல்லை. அவரிடம் கடன்பட முடியாது, அவ்வளவுதான்.

மார்ச் 27, வெள்ளி

சகலைதான் புதிய பொறுப்பாளர். பழையவர் என் திருத்தத்தின் அடிவரியை உரக்கப் படித்தார். ஓடும்போதே உருவிப் பார்க்க வேண்டுமென்று வேறு யாருக்கும் தோன்றவில்லையே என்றார். கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

மாலையில் சகலையின் அடுத்த திருத்தம் வந்தது. சரிபார்ப்பவர் என்ற இடத்தில் என் பெயர். உடனே படிக்க உட்கார்ந்தேன். எரிச்சல் துளியும் குறையவில்லை. இரண்டாம் பக்கத்தில் ஒரு பிழை அகப்பட்டதும் எவ்வளவு மகிழ்ச்சி! பொது மடலைத் திறந்து வரி எண்ணைக்கூட அடித்துவிட்டேன்.

பிறகு அதை அழித்துவிட்டு, எழுந்து அவர் மேசைக்குப் போனேன்.