பின் சீட்டில் வந்த சாமி

அன்பு மகளுக்கு,

அப்பா கும்பிட்டது சாமியையா, அந்தக் கூட்டத்தையா என்று போன வாரம் போனில் கேட்டாய். எனக்குத் தெரியவில்லை. கூடவே குடித்தனம் நடத்தியவளுக்கே தெரியவில்லை என்றால் சிரிப்பாய். நீ சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை, அவர் போய் இத்தனை மாதமாகியும் அரிசியை மட்டும் இரண்டு பேருக்கு அளந்துவிடுகிறேன்.

ஊரில் இருந்தவரை நம்மை உள்ளே அனுப்பிவிட்டுக் கோயில் வாசலில் நின்று சிகரெட் பிடித்த மனிதர். இந்த நாட்டுக்கு வந்த பிறகுதான் ஞாயிற்றுக்கிழமைகளில் பள்ளிக்கூட விளையாட்டு அறையை வாடகைக்கு எடுத்து, கூடைப்பந்து வளையத்தை மறைத்துத் திரை கட்டி, ஜமுக்காளம் விரித்து, அந்தச் சின்ன வெண்கலச் சிலையை வைக்க ஆரம்பித்தார். நமக்கு அன்றுதான் லீவு என்பதால் சாமிக்கும் அன்றுதான் பூசை. முடிந்ததும் சிலை உன் அறை அலமாரிக்கு வந்துவிடும். பின் சீட்டில் உன் பக்கத்தில் வைத்து பெல்ட் போடுவார், போலீஸ் புடிச்சா சாமியா வந்து பதில் சொல்லும் என்பார். நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். ஊரில் வாத்தியாராக இருந்தவர் இங்கே கிடங்கில் பெட்டி தூக்கினார், அந்த அறையில்தான் நாலு பேர் அவரை மறுபடி சார் என்று கூப்பிட்டார்கள், அதற்காகத்தான் போகிறார் என்று நினைத்தேன். ஆனால் ஆஸ்பத்திரியில் கடைசியாகக் கேட்டது அதைத்தான். கோயிலுக்குச் சொந்தக் கட்டடம் முடிஞ்சதும் நம்ம சாமிய உள்ள கொண்டுபோய் வெச்சிடு, நீ கும்பிடவெல்லாம் வேண்டாம் என்றார். சரி என்று சொல்லிவிட்டேன்.

கட்டடம் முடிந்துவிட்டது, நாளை திறப்பு. ஊரிலிருந்து பூசகர் வந்திருக்கிறார், ஆளுயரக் கற்சிலை கப்பலில் வந்திருக்கிறது. நேற்று சங்கத் தலைவர், நம் மருந்துக்கடைக்காரர்தான், வந்து வாசலிலேயே நின்றார். அக்கா தப்பா எடுத்துக்காதீங்க, பூசகர் ஒத்துக்க மாட்டேங்கறாரு, கார்ல போய்வந்த சிலையாம், கண்டவங்க கை பட்டதாம் என்றார். கண்டவங்கன்னா என் வீட்டுக்காரரா தம்பி என்று கேட்டேன். வந்த புதிதில் நம் சோபாவில் படுத்துக்கொண்டு வேலை தேடியவர், தலையைக் குனிந்துகொண்டார். ஊரில் பார்க்காத ஆசாரத்தையெல்லாம் இங்கே வந்துதான் பார்க்கிறேன். ஊரில் வழக்கத்துக்காகக் கோயிலுக்குப் போனதோடு சரி, எதையும் நம்பாத நான் ஒரு சிலைக்காகக் கெஞ்சினேன், கெஞ்சினேன் என்றுதான் சொல்ல வேண்டும். சரி கொண்டு வாங்க, எங்கயாவது எடம் பாக்குறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

நீயும் அங்கே தனியாக இருக்கிறாய். எந்தக் கூட்டத்தில் சேர்ந்தாலும் சரி, சேராவிட்டாலும் சரி, நேரத்துக்குச் சாப்பிடு. அப்பாவின் கம்பளிச் சட்டையை அனுப்பியிருக்கிறேன், துவைத்துவிடாதே. யார் பெயரைச் சொல்லி ஆசீர்வாதம் செய்வதென்று எனக்குத் தெரியாது, நீ நன்றாக இருக்க வேண்டும்.

உன் அம்மா

மறுநாள்: கடிதத்தை ஒட்டாமல் வைத்திருந்தேன். காலையில் சிலையைக் கொண்டுபோனேன். மருந்துக்கடைக்காரர் இரண்டு கையாலும் வாங்கி உள்ளே எடுத்துப் போனார். நல்ல கூட்டம். எல்லாம் முடிந்து தேடினால் பெரிய சிலைக்குப் பக்கத்தில் இல்லை. கடைசியில் மடக்கு நாற்காலி அடுக்கும் அறையில், மேல் தட்டில், துடைப்பங்களுக்கு நடுவே சுவரைப் பார்த்தபடி இருந்தது. உள்ளே வைக்க வேண்டும் என்றுதான் அவர் கேட்டார், எந்த அறை என்று சொல்லவில்லை. கதவுப் பக்கம் திருப்பி வைத்துவிட்டு வந்துவிட்டேன்.