மூன்றாம் பக்கத்து அஞ்சலி

அம்மாடி அஸ்வினி,

உன் மாமியார் என்னைத் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டார். அவர் மேல் தப்பில்லை. மரக்காணம் ஐஸ் கம்பெனி வாசலில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். கிழிப்பதற்கு முன் படித்துவிடு.

நீ மீனவர் வீட்டுப் பையனைக் கட்டிக்கொண்ட கோபத்தில், என் பத்திரிகையின் மூன்றாம் பக்கத்தில் உன் படம் போட்டுக் கண்ணீர் அஞ்சலி அச்சடித்தேன். அந்த இதழை உன் அம்மாவிடம் காட்டவில்லை. உன்னோடு பேசக்கூடாதென்று அவள் போனையும் பிடுங்கி வைத்தேன்.

போன செவ்வாய்க்கிழமை திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் வேகவைத்த மல்லாட்டைக் கடலை வாங்கி வந்தாள். பொட்டலத்தைப் பிரித்தால் உன் முகம். அன்றிலிருந்து ஒரு வாய் கஞ்சி இறங்கவில்லை.

“உயிரோடத்தான் இருக்கா, நான்தான் பொய்யா போட்டேன்” என்று அவள் காலைப் பிடித்தேன்.

“உங்க பேப்பர்ல பொய் வராதுன்னு நீங்கதானே சொல்லிக்கினு இருந்தீங்க?”

மறுப்பு அச்சடித்துக் காட்டினேன். “என்னைத் தேத்தத்தானே அடிச்சீங்க” என்றாள்.

நான் பட்டாளத்தில் இருந்தபோது, எல்லையில் செத்துவிட்டதாக ஊரே சொன்னது. “பேப்பர்ல வரட்டும், அப்புறம் தாலியக் கழட்டுறேன்” என்று உட்கார்ந்திருந்தவள் அவள். அந்த நம்பிக்கைக்காகத்தான் திரும்பி வந்து பத்திரிகையே ஆரம்பித்தேன்.

இப்போது விழுப்புரம் ஆஸ்பத்திரியில், பெண்கள் வார்டில், ஜன்னலோரக் கட்டிலில் கிடக்கிறாள். குளுக்கோஸ் ஊசியை இரண்டு தடவை பிடுங்கிவிட்டாள். நீ வந்து அவள் முன்னால் நின்றால் போதும். நான் அந்தப் பக்கமே வரமாட்டேன்.

இன்று காலை என்னை அருகில் கூப்பிட்டாள். “கொழந்தைக்குக் கருமாதியாவது ஒழுங்கா பண்ணீங்களா?” என்று கேட்டாள்.

ஜல்தி வா, அம்மாடி.

உன் அப்பா