இறந்த காரணம் என்று ஒரு கட்டம்

பிள்ளையார்பாளையம்,
காஞ்சிபுரம்,
19.8.2004

என் கண்ணு காவேரிக்கு,

நீயும் மாப்பிள்ளையும் குழந்தை சஹானாவும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று ஏகாம்பரநாதரை மூன்று வேளையும் கேட்டுக்கொண்டு அம்மா எழுதுவது. இங்கே உன் தம்பி குமரகுரு உயிரோடு இருக்கிறான், எழுந்து நடக்கிறான், இன்று காலை இரண்டு இட்லி சாப்பிட்டான். இதை முதலில் எழுதிவிட்டேன், மீதியைப் பதறாமல் படி. ஞாயிற்றுக்கிழமை நான் போனில், டாக்டரிடம் போய் நெஞ்சைக் காட்டிக்கொள் என்று சொன்னதற்கு நீ சிரித்தாய். "எனக்கு என்னமா, முப்பத்தாறு வயசுதானே ஆவுது, தினமும் ஏரிக்கரையில அஞ்சு மைல் ஓடிக்கினு இருக்கேன்" என்றாய். நீ ஓடுகிறாய் என்று கேட்டதும் போனை வைத்துவிட்டேன். நான் பேசியது வீட்டிலிருந்து இல்லை, சென்னையில் ஒரு ஆஸ்பத்திரி வராந்தாவிலிருந்து. ஆபரேஷன் முடியும்வரை அக்காவிடம் சொல்லக் கூடாது என்று தம்பி என் கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கியிருந்தான். நேற்று அவனை வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டோம். இனி அந்தச் சத்தியம் என்னைக் கட்டாது, நடந்ததை ஒன்று விடாமல் எழுதுகிறேன்.

வைகாசியில் டொரான்டோவிலிருந்து உன் சிநேகிதி மூலமாக இரண்டு சிடி கொடுத்தனுப்பினாயே, வம்சாவளி எழுதுகிற சாப்ட்வேர், இரண்டில் எது நம் குடும்பத்துக்குச் சரிப்படும் என்று பார்த்துச் சொல்லும்மா என்று, எல்லாம் அதிலிருந்துதான். தம்பி சேலை பார்டருக்கு டிசைன் போடுகிற கம்ப்யூட்டரிலேயே இரண்டையும் ஏற்றிக் கொடுத்தான். மத்தியானத்தில் அவன் சாப்பிட்டுப் படுத்ததும் நான் உட்கார்ந்து ஒற்றை விரலால் தட்டுவேன். நீல அட்டைக்காரன் எனக்கு ஒத்து வரவில்லை. ஒவ்வொருவருக்கும் குடும்பப் பெயர் கேட்டான், நமக்கு ஏது, இனிஷியல் போட்டால் ஏற்கவில்லை. உன் தாத்தா தன் அக்கா மகளையே கட்டிக்கொண்டவர் அல்லவா, அதைப் போட்டதும் சிவப்பு எழுத்தில் தப்பு தப்பு என்று வந்தது, ஆயாவை இரண்டு ஆளாக்கி இரண்டு இடத்தில் நிறுத்திவிட்டான். போதாததற்கு எல்லாப் பெயரையும் இன்டர்நெட்டில் ஏற்று என்று தினமும் கேட்டுக்கொண்டே இருந்தான், நம் வீட்டுப் பிறப்பு இறப்பை ஊர் உலகம் எதற்குப் பார்க்க வேண்டும். பச்சை அட்டைக்காரன் அப்படியில்லை. அக்கா மகள் என்றால் சரி என்று ஒரு கோட்டை வளைத்துப் போட்டுக் காட்டினான், எழுதியது நம் வீட்டுப் பெட்டிக்குள்ளேயே இருந்தது. தமிழ் எழுத்துதான் வரவில்லை, இங்கிலீஷில் அடித்தேன். அதில் பிறந்த தேதி, இறந்த தேதி எல்லாம் போட்ட பிறகு இறந்த காரணம் என்று ஒரு கட்டம் இருந்தது. அது காலியாக இருந்தாலும் அவன் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் உன் அப்பா போன பிறகு நெசவாளர் சங்கத்தில் இருபத்தொரு வருஷம் உறுப்பினர் பதிவேடு எழுதினவள் நான், காலிக் கட்டத்தைப் பார்த்தால் எனக்குக் கை சும்மா இருக்காது.

தாத்தாவுக்கு, தேர் இழுத்துவிட்டு வந்து உட்கார்ந்தார், வெயில் அடித்துவிட்டது என்று போட்டேன். உன் சித்தப்பாவுக்கு, பாலாற்றில் வெள்ளம் வந்தபோது நீந்தப் போய் மூழ்கினார் என்று போட்டேன். உன் அப்பாவுக்கு மாரடைப்பு, பஸ்ஸைப் பிடிக்க ஓடினார் என்று நானே எழுதினேன். உன் அத்தை மணியம்மாள் கட்டத்துக்கு வந்து நின்றுவிட்டேன். நீ பிறப்பதற்கு முன்பே போனவள். கிணற்றில் விழுந்துவிட்டாள் என்று மட்டும் உங்களுக்குச் சொல்லியிருக்கிறோம். விழவில்லை, புருஷனோடு சண்டை போட்டுக் குதித்தாள் என்றுதான் வீட்டில் எல்லோருக்கும் எண்ணம், அதனால் அவள் படம்கூடச் சுவரில் இல்லை. எதை எழுதுவது என்று தெரியாமல், திருமுக்கூடலில் அவளுக்குப் பக்கத்து வீட்டில் இருந்த துரைக்கண்ணு அம்மாவைத் தேடிப் போனேன். இப்போது செவிலிமேட்டில் மகனோடு இருக்கிறார், எண்பது வயது, நினைவு மட்டும் கல்வெட்டு மாதிரி இருக்கிறது. "அய்யோ, யாருமா குதிச்சான்னு சொன்னது? நான் எதிர்ல நின்னுக்கினு இருந்தேன். ஆறேழு கொடம் சேந்திட்டா, அடுத்த கொடத்த இழுக்கும்போதே கண்ணு மேல போச்சி, கயிறு கைய உட்டுச்சி, அப்படியே தலகுப்புற சாஞ்சிட்டா. சொன்னேன், யாரும் கேக்கல" என்றார். வீட்டுக்கு வந்து அதையும் போட்டு, இறந்தவர்களை வயதோடு ஒரு தாளில் பட்டியலாக எடுத்தேன். முப்பத்தொன்பது, இருபத்தெட்டு, முப்பத்தொன்று, நாற்பத்திரண்டு. வெயில், வெள்ளம், கிணறு, பஸ் என்று நாலையும் தனித்தனியாக நினைத்து இத்தனை வருஷம் அழுதிருக்கிறோம். நாலு பேரும் மூச்சு வாங்க உடம்பை வருத்திய நேரத்தில்தான் விழுந்திருக்கிறார்கள். முப்பத்துமூன்று வயதுப் பிள்ளை பக்கத்து அறையில் குறட்டை விடுகிறான், எனக்கு அந்தக் குறட்டை நின்றுவிடுமோ என்று பயம், எழுந்து போய் மூக்கருகில் கை வைத்துப் பார்த்தேன்.

அவன் விழித்துக்கொண்டு என்னம்மா என்றான். தாளைக் கொடுத்தேன். படித்தான். பிறகு மெதுவாக, "எனக்கும் ரெண்டு தடவ கண்ணு இருட்டிக்கினு வந்துச்சிமா. ஒரு தடவ மோட்டார் சைக்கிள தள்ளிக்கினு வரும்போது ரோட்லயே உக்காந்துட்டேன். சொன்னா நீ பயப்படுவேன்னு சொல்லல" என்றான். அவன் சொல்லாமல் இருந்தது என் பயத்துக்காக என்றால், அந்தப் பயத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய, சொல். மறுநாளே முனிரத்தினம் பெரியப்பா வந்தார், யாரோ சொல்லிவிட்டார்கள். உன் அப்பாவுக்கு அண்ணன், எழுபத்திரண்டு வயதிலும் தறியில் உட்காருகிறவர், அவர் பேச்சை இதுவரை நான் மீறியதில்லை. "ஏம்மா வடிவு, என் பேத்திய ஏனாத்தூர்லேருந்து வந்து பொண்ணு பாத்துட்டுப் போயிருக்காங்க. இந்த வம்சத்துல நெஞ்சு நோவு இருக்குதுன்னு வெளிய தெரிஞ்சா யார் வந்து கட்டுவாங்க? அந்தக் கட்டத்த அழிச்சிடு" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை, அந்தப் பெண் முகம் என் கண்முன்னே வந்தது. ஆனாலும், "மாமா, வெளியில ஒருத்தருக்கும் தெரியாது, இந்தப் பெட்டிய உட்டு எங்கயும் போவாது. ஆனா அழிக்க மாட்டேன். உங்க தம்பிக்கு இப்படி ஒரு தாள எடுத்து யாரும் காட்டல, அதான் நான் தனியா நிக்கிறேன்" என்றேன். சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

சென்னையில் ஒரு பெண் டாக்டர். தம்பியைத் தொடுவதற்கு முன்னால் அந்தத் தாளைத்தான் வாங்கிப் படித்தார், இரண்டு முறை படித்தார், இதை யார் எழுதியது என்று கேட்டார். ஸ்கேன் எடுத்துப் பார்த்ததில் அவனுக்கு இதயத்தின் சுவர் தடித்திருக்கிறது, வேகமாக ஓடினால், பாரம் தூக்கினால் துடிப்பு தாறுமாறாகி நின்றுபோகும், வம்சத்தில் வழிவழியாகப் பிறப்பிலேயே வருவது என்றார். மார்புத் தோலுக்கு அடியில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு கருவி வைத்திருக்கிறார்கள், துடிப்பு தடுமாறினால் அதுவே தட்டி எழுப்புமாம். அவன் உள்ளே இருந்த அந்த இரண்டு மணி நேரத்தை நான் எழுத மாட்டேன். எழுத வேண்டியது இதுதான். ஆபரேஷனுக்கு முதல் நாள் டாக்டர் என்னிடம், இவருக்குக் கூடப்பிறந்தவர் இருக்கிறாரா என்றார். ஒரு பெண், டொரான்டோவில் என்றேன். ஆணா பெண்ணா என்று இது பார்க்காது, கூடப்பிறந்தவருக்கும் இருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு, பரிசோதனை செய்தால்தான் தெரியும், அதுவரை ஓட வேண்டாம் என்று சொல்லுங்கள் என்றார். அதைக் கேட்டுவிட்டுத்தான் உனக்குப் போன் செய்தேன், நீ ஏரிக்கரையில் ஓடுகிறேன் என்றாய்.

பெரியப்பா ஆஸ்பத்திரிக்கு வந்தார். பஸ்ஸில் தனியாக வந்து, தம்பியின் காலருகில் நின்று, மணியம்மாள் குதிக்கவில்லையாமே, துரைக்கண்ணுவைப் போய்ப் பார்த்தேன், என்னிடமும் சொன்னாள் என்று சொல்லி வாயைத் துண்டால் மூடிக்கொண்டார். தங்கச்சி காரியத்துக்குக்கூடப் போகாமல் இருந்துவிட்டேன் என்று அழுதார். தன் பிள்ளைகளையும் பேத்தியையும் கூட்டிக்கொண்டு வருகிற திங்கட்கிழமை அதே டாக்டரிடம் போகிறார், ஏனாத்தூர் மாப்பிள்ளை வீட்டாரிடம் தானே சொல்லிக்கொள்கிறாராம்.

காவேரி, இந்தத் தாளைக் கடிதத்தோடு கூரியரில் அனுப்புகிறேன். தம்பி ஈமெயிலில் அனுப்புகிறேன் என்றான், அதை நீ பார்த்துவிட்டு மூடிவிடுவாய், தாள் என்றால் மேஜைமேல் கிடந்து கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும். டாக்டரிடம் வாயால் சொல்லாதே, தாளை அப்படியே கொடு. குழந்தையையும் காட்ட வேண்டுமா என்று மறக்காமல் கேள். அதுவரை ஓடாதே, படியில் மெதுவாக ஏறு, பனி தள்ளுகிற வேலை வந்தால் தொடாதே. உனக்கு ஒன்றும் இல்லை என்று வந்தால் நான் திருத்தணிக்கு வந்து மொட்டை போட்டுக்கொள்கிறேன் என்று வேண்டியிருக்கிறேன். இருக்கிறது என்று வந்தாலும் பயப்படாதே, தம்பி நடக்கிறான், நீயும் நடப்பாய். பயம் எல்லாம் எனக்கே இருக்கட்டும்.

மூன்று பேரும் தீர்க்காயுசாக இருங்கள். சஹானாவின் உச்சியில் எனக்காக ஒரு முத்தம் வை. நீ இதைப் படித்துவிட்டு மடித்து அலமாரியில் வைத்துவிடுவாய் என்று எனக்குத் தெரியும், உன்னைப் பெற்றவள் நான். அதனால் இதையே இன்னொரு பிரதி எழுதி, மாப்பிள்ளையின் ஆபீஸ் விலாசத்துக்குத் தனியாக அனுப்பிவிட்டேன். கோபித்துக்கொள், பரவாயில்லை.

உன் அம்மா,
தி. வடிவாம்பாள்