பொம்பிளை வீட்டாருக்கு றூபன் சொன்னது

பிளேஸ்டோ,
லண்டன்.

அன்புள்ள அம்மாவுக்கு,

மாதா துணையால் நான் சுகம். உங்கட முழங்கால் நோ குறைஞ்சதோ?

பொம்பிளை வீட்டார் ஏன் பின்வாங்கினவை எண்டு கேட்டிருந்தியள். தரகர் சொல்லித்தான் எனக்கே தெரியும். என்னோட ஒரே அறையில இருந்த றூபனிட்ட அவை விசாரிச்சவையாம். "அவன் அறையில இருந்து துவக்குச் செய்யிறான்" எண்டிருக்கிறான்.

நான் திருத்தினது சும்மா காட்சிக்கு வைக்கிற, நூற்றிருபது வருசப் பழைய ரிவால்வர். அதுக்குரிய குண்டை இப்ப ஒருத்தரும் செய்யிறேல்லை. வைச்சிருக்க லைசென்சும் தேவையில்லை. உடைஞ்ச ஸ்பிரிங்குக்குப் பதிலா ஒண்டை நான் அரத்தால ராவேக்க டோர்ச் பிடிச்சதே அவன்தான்! கேட்டன். "பகிடிக்குச் சொன்னனான் மச்சான்" எண்டான்.

யோசிக்காதேங்கோ, வேற அறைக்கு மாறீட்டன். அவையளுக்கு விளக்கம் சொல்லவும் போகாதேங்கோ. இவ்வளவு நாளும் ரெண்டு பேருக்குத்தான் சமைச்சனான். ஒரு ஆளுக்கு எவ்வளவு அரிசி போடவேணும் எண்டு எழுதுங்கோ. ஷிப்டுக்கு நேரமாச்சு.

உங்கள் மகன்,
றெஜினோல்ட்