மாற்றிப் படித்த கடைசி வரி

அன்பு மகள் பாப்பாவுக்கு, அப்பா எழுதிக்கொள்வது.

இங்கே நாங்கள் நலம். உன் நலத்தை ஞாயிற்றுக்கிழமை போனில் வருகிற உன் குரலை வைத்து நாங்களே முடிவு செய்துகொள்கிறோம், போன வாரம் லேசாக ஜலதோஷம் போலப் பட்டது, சரியாகியிருக்க வேண்டும். வாரா வாரம் பேசுகிறவன் எதற்காகக் கடிதம் எழுதுகிறான் என்று நீ யோசிப்பாய். போனை எடுத்தால் அம்மா பக்கத்தில் இருப்பாள், கண் மங்கியதிலிருந்து அவளுக்குக் காது இரண்டு மடங்கு கூர்மையாகிவிட்டது, அடுத்த வீட்டுச் சண்டையை வார்த்தை மாறாமல் ஒப்பிக்கிறாள். அதனால் அவள் உன் அத்தையோடு கடைக்குப் போயிருக்கிற நேரம் பார்த்து சமையலறை மேசையில் உட்கார்ந்து எழுதுகிறேன். எனக்கு உன்னிடம் ஒரு உதவி வேண்டும், கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கிறது, நடந்ததைச் சொல்லிவிட்டே கேட்கிறேன்.

முப்பத்தொரு வருஷம் பஸ் டிப்போவில் டைம் கீப்பராக இருந்தவன் நான், எந்த வண்டி எத்தனை மணிக்குப் போனது, எத்தனை நிமிஷம் தாமதம் என்பதற்கு மேல் எதையும் வாசித்தவன் இல்லை. உன் அம்மா அப்படியா. வாரத்துக்கு இரண்டு நாவல், அத்தனையும் காதல் கதை, அதை இளக்காரமாகப் பேசுகிறவர்களோடு மல்லுக்கு நிற்பாள். யார் யாரைக் கட்டிக்கொள்ளப் போகிறார்கள் என்பது முப்பதாம் பக்கத்திலேயே தெரிந்துபோகிறதே, மீதி முந்நூறு பக்கம் எதற்கு என்று நான் ஒருநாள் கேட்டு மாட்டிக்கொண்டேன். "உங்க பஸ் எங்க போகுதுன்னு போர்டுலயே எழுதியிருக்கு, அதுக்காக யாராவது ஜன்னல் சீட்டு வேண்டாம்னு சொல்றாங்களா?" என்றாள். கண்ணுக்கு எழுத்து தெரியாமல் போன பிறகு வாசித்துக் காட்டுகிற வேலை எனக்கு வந்தது, தினமும் மூன்று மணியிலிருந்து ஐந்து மணி வரை, ஜன்னல் பக்கம் அவள் நாற்காலி, எதிரில் நான். ஆரம்பத்தில் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் வாசித்தேனாம், "அவன் காதலைச் சொல்றான், வண்டி புறப்படுற நேரத்தைச் சொல்லலை, கொஞ்சம் நிறுத்திப் படிங்க" என்று திருத்தினாள். போகப் போக எனக்கே பைத்தியம் பிடித்துவிட்டது பாப்பா, இப்போதெல்லாம் வேலை வெட்டி இல்லாத கதாநாயகனைக் கண்டால் அவளுக்கு முன்னால் எனக்குக் கோபம் வருகிறது.

பச்சை அட்டைப் புத்தகம் உன்னிடமும் ஒன்று இருக்கிறது அல்லவா, நிறம் மட்டும் அம்மாவுக்கு இன்னும் தெரிவதால் புத்தகங்களுக்கு அட்டை நிறம்தான் பெயர். ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுக்கிற பெண்ணும் நில அளவைக்காரனும், மூன்று வருஷம் அந்தச் சின்ன ஜன்னல் வழியாகவே பழகுவார்களே, அதுதான். கடைசியில் அவளுக்கு வேலை மாற்றல் வந்து வண்டி ஏறுவாள், அவன் நடைமேடையில் நிற்பான். 'வண்டி நகர்ந்தது. அவள் திரும்பவில்லை.' அவ்வளவுதான், புத்தகம் முடிந்தது. அந்தப் பக்கத்துக்கு நாங்கள் வந்து சேர்ந்தது கண் டாக்டரைப் பார்த்துவிட்டு வந்த அன்று மத்தியானம். இதோடு நின்றுவிடும், பயமில்லை என்று டாக்டர் சொன்னதாக உனக்கும் போனில் சொன்னேனே, அந்த நாள். காலை முழுக்க அங்கே உட்கார்ந்து வந்த அலுப்பில் அவள் முகம் வாடிக் கிடந்தது, எனக்கு அந்தக் கடைசி வார்த்தை வாயில் வரவில்லை, 'அவள் திரும்பினாள்' என்று வாசித்துவிட்டேன். அந்தப் பெண் ஒரு தடவை முகத்தைத் திருப்பி அவனைப் பார்க்கட்டும் என்றுதான் நினைத்தேன், அதற்கு மேல் ஒன்றும் இல்லை. உன் அம்மா என்னடா என்றால் கையைத் தட்டி, "அப்பாடா, இறங்கித் திரும்பி வந்துட்டாளா!" என்கிறாள். ஓடுகிற வண்டியிலிருந்து இறங்குவது விதிப்படி குற்றம், என் தொழிலுக்கே அவமானம், ஆனாலும் அவள் சிரித்துக்கொண்டிருந்தாள், நான் புத்தகத்தை மூடிவிட்டேன்.

ருசி கண்டுவிட்டேன் என்று வைத்துக்கொள். அதற்குப் பிறகு இன்னும் மூன்று புத்தகத்தில் கை வைத்தேன். நீல அட்டையில் கல்யாணத்தை நடத்தி வைத்தேன், மஞ்சள் அட்டையில் கதாநாயகன் எழுதாத கடிதத்தை எழுத வைத்தேன், இரண்டு பாகமாக வந்த சிவப்பு அட்டையில் செத்துப்போன தாய்மாமனைப் பிழைக்க வைத்துவிட்டு, இரண்டாம் பாகம் முழுக்க அவர் வெளியூர் போயிருக்கிறார், வெளியூர் போயிருக்கிறார் என்று சமாளிக்க வேண்டியதாயிற்று. "அப்படி என்னங்க ஊர், ஒரு எட்டு வந்துட்டுப் போகக் கூடாதா?" என்று அம்மா அவர்மேல் இன்னும் கோபமாக இருக்கிறாள்.

இப்போது பச்சை அட்டையைப் படமாக எடுத்துவிட்டார்கள், உன் அத்தை அவளை அழைத்துக்கொண்டு போனாள், முன்வரிசையில் உட்கார்ந்தால் நிறமும் நடமாட்டமும் தெரியும், மீதிக்குக் காது இருக்கிறது. திரும்பி வந்ததும் செருப்பைக் கூடக் கழற்றாமல் ஆரம்பித்தாள். புத்தகத்தில் மூக்குக்கண்ணாடி போட்டு, அவசரத்தில் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு வருகிற பெண்ணைப் பிடித்துப் பளபளவென்று துடைத்து வைத்திருக்கிறார்களாம். புத்தகத்தில் மழை இரண்டே வரி, படத்தில் ஐந்து நிமிஷம் கொட்டுகிறது, அவள் தலைமுடி மட்டும் நனையவே இல்லையாம், இதை அத்தைதான் இவள் காதில் சொன்னாளாம். மூன்று வருஷம் ஜன்னல் வழியாகப் பேசாமல் பேசியதை ஒரு பாட்டில் முடித்துவிட்டார்கள், இருபத்து மூன்றாம் அத்தியாயம் வரை விரல் கூடப் பட்டுக்கொள்ளாதவர்கள் இடைவேளைக்கு முன்னாலேயே கட்டிப்பிடித்துக்கொள்கிறார்கள். "காத்திருக்கிறதுதான் காதல் கதையே, அதை வெட்டி எறிஞ்சிட்டு மீதியை வச்சு என்ன பண்றது?" என்றாள், எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. நானும் ஒரு நாள் தனியாகப் போய்ப் பார்த்தேன், காலை ஆறு நாற்பது வண்டிக்கு நடைமேடைக் கடிகாரம் பத்து பத்து காட்டுகிறது, ஒருத்தருக்கும் அக்கறை இல்லை. ஆனால் அவளுடைய பெரிய கோபம் முடிவின் மேல். அந்தப் பெண்ணை இறக்காமல் விட்டுவிட்டார்களாம், புத்தகத்துக்குத் துரோகமாம். "அழ வைக்கிறது பெரிய வித்தையா, வெங்காயம் கூட அழ வைக்கும்" என்று வாரப் பத்திரிகைக்கு மூன்று பக்கக் கண்டனம் சொல்லச் சொல்ல என்னையே எழுத வைத்தாள். எழுதினேன், தபாலில் போடவில்லை, சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு அலைகிறேன். வியாழக்கிழமை தோறும் அத்தையை விட்டுப் பத்திரிகையில் தேடச் சொல்கிறாள்.

இதற்கு நடுவில்தான் போன ஞாயிறு நீ, "புத்தகத்திலயும் அப்படித்தானேம்மா, அவ திரும்ப மாட்டாளே" என்று சொல்லிவைத்தாய். நான் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன். அம்மா என்ன சொன்னாள் என்று உனக்கு நினைவிருக்கும். "உன் புத்தகத்துல அச்சுப்பிழையா இருக்கும், அப்பா எனக்குப் படிச்சாரே" என்றாள். அடுத்த ஞாயிறு உன் புத்தகத்தை எடுத்து வைத்து அந்தப் பக்கத்தை வாசிக்கச் சொல்லப் போகிறாள். நீ அப்போது 'திரும்பினாள்' என்று வாசித்துவிட வேண்டும், 'நான்தான் அன்றைக்குக் கவனிக்காமல் சொல்லிவிட்டேன்' என்று நீயே சேர்த்துச் சொல்லிவிடு. தினமும் உட்கார்ந்து அவளுக்குக் கதை வாசிக்க என் குரலை விட்டால் வேறு கதி இல்லை, அதை நம்ப முடியாது என்று ஆகிவிட்டால் அவளுக்கு என்ன மிச்சம். இதுதான் நான் கேட்கிற உதவி.

மேலே இருப்பதை எழுதி மூன்று நாள் ஆகிறது. கிழித்துப் போடலாம் என்று பார்த்தேன், நீயும் தெரிந்துகொள் என்று அப்படியே விட்டுவிட்டேன். எழுதிய அன்றே தபாலாபீஸ் வாசல் வரை போய்விட்டுத் திரும்பி வந்தேன். அச்சுப்பிழை என்றாளே, அதை விழுங்க முடியவில்லை. அச்சடித்த புத்தகம் தப்பாக இருக்கலாம், நான் தப்பாக வாசித்திருக்க மாட்டேன் என்று நினைக்கிறவளை ஏமாற்ற மகளையும் கூட்டுச் சேர்க்கிறோமே என்று வெட்கமாகிவிட்டது. அன்றைக்கே மூன்று மணிக்கு, புத்தகத்தைத் திறக்காமல், நாலு புத்தகத்தைப் பற்றியும் சொல்லிவிட்டேன். தாய்மாமன் செத்துவிட்டார் என்பதையும் சொன்னேன்.

சிரித்துவிடுவாள் என்று ஒரு நப்பாசை இருந்தது. சிரிக்கவில்லை. "பிரிஞ்சு போறவங்களை எத்தனை கதையில பார்த்திருக்கேன், செத்தா போயிட்டேன்? நான் தாங்க மாட்டேன்னு உங்களுக்கு யார் சொன்னது?" என்று கேட்டாள்.  பிறகு ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, குரலை உயர்த்தாமல், "டாக்டர் சொன்னதையும் மாத்தித்தான் படிச்சீங்களா?" என்றாள்.

பாப்பா, மாற்றித்தான் சொன்னேன். அவளுக்கும் உனக்கும். அன்றைக்கு அவள் கண்ணில் மருந்து விட்டு, மூடிக்கொண்டு இருக்கும்படி பக்கத்து அறையில் உட்கார வைத்திருந்தார்கள், டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, நரம்பு வாடிக்கொண்டே போகிறது, மருந்து தள்ளிப்போடும், நிறுத்தாது, வலது கண்ணில் இருப்பதும் ஒரு வருஷத்தில் போய்விடும் என்றார். நான் வெளியே வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டு, இதோடு நின்றுவிடுமாம் என்றேன். அன்று மத்தியானம் அந்த ரயில் பெண்ணைத் திரும்ப வைத்தது அதன் தொடர்ச்சிதான், ஒருமுறை மாற்றிச் சொன்ன வாய்க்கு இரண்டாவது முறை கஷ்டமாக இல்லை. அதில் ஐந்து மாதம் ஓடிவிட்டது. எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அழவில்லை, நான்தான் அழுதேன். "முன்னாடியே தெரிஞ்சிருந்தா அஞ்சு மாசமா ஒவ்வொண்ணையும் உத்துப் பார்த்திருப்பேனே. நல்லபடியா முடிஞ்ச கதைன்னு மூடி வச்சிட்டேனே" என்றாள். 

இரண்டு நாள் என்னோடு பேச்சு வார்த்தை கிடையாது, வேண்டியதை அத்தையிடம் சொல்லி அத்தை என்னிடம் சொன்னாள். நேற்று மூன்று மணிக்கு வந்து அவளாகவே நாற்காலியில் உட்கார்ந்து, நாலு புத்தகத்தின் கடைசிப் பக்கத்தையும் எழுதியிருக்கிறபடி படிக்கச் சொன்னாள். தாய்மாமனுக்குக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள், வெளியூர்க்காரர் என்று திட்டியதற்கு வருத்தப்பட்டாள். பச்சை அட்டையை இரண்டு தடவை கேட்டுவிட்டு, "இதுதான் சரி. இவ திரும்பியிருந்தா அவன் கூப்பிட்டிருப்பான், கூப்பிட்டா இவ வேலையை விட்டிருப்பா, அப்புறம் ஆயுசு முழுக்க அந்த ஜன்னலை நினைச்சுக்கிட்டு இருந்திருப்பா. படம் எடுத்தவங்க மத்த எல்லாத்தையும் கெடுத்தாலும் இதை மட்டும் கெடுக்கலை" என்று தீர்ப்பு சொன்னாள். என் சட்டைப் பையில் இருந்த கண்டனத்தை வாங்கி, முடிவைப் பற்றிய ஒன்றரைப் பக்கத்தை அடித்துவிடச் சொன்னாள், நனையாத தலைமுடியையும் நான் சேர்த்திருந்த கடிகாரத்தையும் விட்டுவைத்தாள். அத்தை கையால் தபாலில் போட்டாயிற்று, என் கையில் கொடுக்கவில்லை. இதுவரை எழுதிய இந்தக் கடிதத்தையும் என்னை வாசிக்கச் சொல்லிக் கேட்டாள், பிறகு அத்தையைக் கூப்பிட்டு இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னாள். இரண்டும் ஒன்றாகத்தான் இருந்தது. கொஞ்ச நாளைக்கு இப்படித்தான் இருக்கும், எனக்கு இது வேண்டியதுதான்.

கடைசியாக நீ அனுப்பிய போட்டோவை எடுத்து வரச் சொன்னாள். போன மாதம் கேட்டபோது, நன்றாகச் சதை பிடித்திருக்கிறாள், தலை நிறைய முடி என்று சொல்லியிருந்தேன். இந்தத் தடவை இருப்பதைச் சொன்னேன், இளைத்திருக்கிறாய், கண்ணுக்குக் கீழே கருத்திருக்கிறது, நெற்றிக்கு மேலே நாலைந்து முடி நரைத்திருக்கிறது என்று. போட்டோவை முகத்தோடு ஒட்டி வைத்துப் பார்த்தாள், விளக்கடியில் கொண்டுபோய்ப் பார்த்தாள், தெரியவில்லை. "என் பொண்ணுக்கு நரைச்சிருக்கு, எனக்கு ஒருத்தரும் சொல்லலை" என்று சொல்லிவிட்டு நெடுநேரம் அதைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.

உனக்கு எல்லா நலமும் சேரட்டும், நீ வரைகிற பாலங்கள் உறுதியாக நிற்கட்டும் என்று நாங்கள் இருவரும் ஆசி சொல்கிறோம். வேளைக்குச் சாப்பிடு, ஜலதோஷத்தோடு தலைக்குக் குளிக்காதே. லீவு கிடைக்கிறதா என்று அலுவலகத்தில் இன்றைக்கே கேள், வருஷக் கடைசி வரை தள்ளாதே. போட்டோவில் தெரியாவிட்டால் போகட்டும், உன்னை வாசலில் வெயிலில் நிறுத்தி, மூக்கோடு மூக்கு வைத்துப் பார்த்தால் அந்த நரை தெரியும் என்கிறாள். ஏழு மாதம் இருக்கிறது, டாக்டர் சொன்ன கணக்கு அதுதான், இதில் நான் ஒரு நாளும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. வந்துவிடு பாப்பா.

இப்படிக்கு,
உன் அப்பா
(அம்மா சொல்லி, அத்தை சரிபார்த்தது)