சேம் போட் என்று மேனேஜர் சொன்னது

மார்ச் 3, 2025
நான் சொல்கிறேன், மருமகள் ஹெலன் எழுதுகிறாள். எனக்கு எழுத்து தெரியாது. அவள் கிளார்க் பரீட்சைக்கு இங்கிலீஷ் மரபுத்தொடர்களைப் படிக்கிறாள். வீட்டில் பேசிப் பார்த்தால்தான் பரீட்சையில் வருமாம். என் மகன் சாம்சன் தட்டு கழுவுவது ‘ஒன்ஸ் இன் எ ப்ளூ மூன்’ என்றாள். எப்போதோ ஒரு தடவை என்று அர்த்தமாம். அந்த ஒரு தடவையையும் நான் பார்த்ததில்லை.

மார்ச் 6
சாம்சன் கும்மிடிப்பூண்டி இரும்புக் கம்பெனியிலிருந்து வந்ததும் சொன்னான்: “ஆர்டர் கொறஞ்சிபோச்சாம் நைனா. மேனேஜர் எல்லாரையும் வெளிய நிக்கவெச்சி, வீ ஆர் ஆல் இன் த சேம் போட்னாரு.”

எல்லாருக்கும் ஒரே கஷ்டம் என்று அர்த்தம், என்றாள் ஹெலன்.

நான் பாதிச் சோற்றோடு எழுந்துவிட்டேன்.

மார்ச் 7
தொண்ணூற்றெட்டு ஆடி மாதம். நான் இருந்த போல்ட் கம்பெனி முதலாளி நீலச் சட்டை போட்டுக்கொண்டு கேட் பக்கத்தில் நின்று இதே வார்த்தையைச் சொன்னார். பொங்கலுக்கு முன்னால் கேட்டில் சங்கிலி. பிற்பாடு நான் சேர்ந்த கம்பி கம்பெனியில் ‘டைட்டன் அவர் பெல்ட்ஸ்’ என்றார்கள். செலவைக் குறைப்பது என்கிறாள் ஹெலன். முதலில் டீயை நிறுத்தினார்கள், அப்புறம் எங்களை.

அவள் புத்தகத்தில் அர்த்தம் இருக்கிறது. சொன்ன பிறகு என்ன வரும் என்று அதில் போட்டிருக்கிறதா?

மார்ச் 9
கோயிலுக்குப் போய்வந்ததும் ஆதிகேசவனுக்குப் போன் போட்டேன். போல்ட் கம்பெனியில் என்னோடு இருந்தவன், இப்போது காக்களூரில் பெயிண்ட் டப்பா செய்கிற கம்பெனிக்கு வாட்ச்மேன். அங்கே ஆள் எடுக்கிறார்கள். சம்பளம் குறைச்சல்தான். ஒரு வாரத்துக்குள் வந்து சேர வேண்டுமாம். சாம்சனை அங்கே போகச் சொன்னேன்.

“ஒரு வார்த்தைக்கோசரம் வேலைய வுட சொல்றியா நைனா?”

“கம்பெனி மூடி எல்லாரும் ஒண்ணா ரோட்டுக்கு வந்தா எவன் சேத்துப்பான்? முன்னாடி போறவனுக்குத்தான் எடம்.”

“மாமா, அது சும்மா பேசற பேச்சு,” என்றாள் ஹெலன். “மூடறதா இருந்தா நோட்டீஸ் ஒட்டுவாங்க.”

“ஒட்னப்பறம் படிச்சி இன்னா பண்றது?”

இதை எழுத மாட்டேன் என்று பேனாவைக் கீழே வைத்தாள். அப்புறம் எழுதினாள்.

மார்ச் 12
சாம்சன் இன்னும் யோசிக்கிறான். எனக்கு வந்தது அவனுக்கும் வரவேண்டுமா? சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

மார்ச் 14
வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்துவிட்டு வந்தான்.

மார்ச் 29
விடியும் முன்பே கிளம்புகிறான். பெரியபாளையம் வழியாக பஸ் மாறி மாறிக் காக்களூர் போகவேண்டும். ஞாயிற்றுக்கிழமை முழுக்கத் தூங்குகிறான்.

ஏப்ரல் 22
பழைய கம்பெனியில் சாம்சனோடு வேலை செய்த ஸ்டீவன் வந்தான். ஆர்டர் திரும்பி வந்துவிட்டதாம். புதுக் கிரேன் வந்திருக்கிறதாம். சாம்சனுக்குப் பின்னால் சேர்ந்தவர்களைக்கூட பெர்மனென்ட் பண்ணிவிட்டார்களாம்.

“இன்னும் ஒரு மாசம் இருந்திருந்தா நீயும்தான்டா. இன்னாத்துக்கு அவ்ளோ அவசரம்?”

“காக்களூருதான் எனக்கு வசதி,” என்று சொல்லிவிட்டு சாம்சன் டீயைக் குடித்தான். என் பக்கம் திரும்பவில்லை. ஸ்டீவன் போன பிறகும் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

ஏப்ரல் 23
இன்னாத்துக்கு வாய தொறந்தேன்.

மே 18
ஹெலன் பரீட்சை எழுதிவிட்டு வந்தாள். மரபுத்தொடர் வந்ததா என்று கேட்டேன். நாலு வந்ததாம். எதெது என்று நான் கேட்கவில்லை.

ஜூன் 11
காக்களூர் வேலையிலிருந்து வந்து சாம்சன் நேராக அடுப்பங்கரைக்குப் போனான். முன்பெல்லாம் கம்பெனி சேதி எதுவானாலும் என்னிடம்தான் முதலில் சொல்வான். இன்று ஹெலனிடம் மெதுவாகப் பேசினான். வீடு சின்னது, கேட்டுவிட்டது.

“லைட் அட் த எண்ட் ஆஃப் த டனல்னு சொன்னாரு மேனேஜரு. அப்டின்னா இன்னா?”

“கஷ்டம் முடியப்போவுதுன்னு அர்த்தம்.”

“அப்ப சரி,” என்றான். போய்க் கை கழுவினான்.

இந்த வார்த்தையையும் நான் கேட்டிருக்கிறேன்.

இதுவரை எழுதியதும் ஹெலன் நிமிர்ந்து, “யாரு சொன்னது மாமா? சொன்னப்புறம் இன்னா ஆச்சு?” என்று கேட்டாள்.

ஞாபகம் இல்லை, என்றேன்.

அவள் எழுதாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எழுதுமா,” என்றேன். எழுதினாள்.